‘சப்ஜெக்ட்’ யார்? – உளவியல் பட்டப்படிப்பு குறித்துச் சில குறிப்புகள்

எதிர்வீட்டுப் பெண் ஒரு மாலை ரெக்கார்டு நோட்டும் கையுமாக வந்து நின்றாள். பயன்பாட்டு உளவியலில் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். “மாமா, ஒரு அரை மணி நேரம் உக்காருங்க. நீங்கதான் என் சப்ஜெக்ட்” என்றாள். அச்சிட்ட தாளில் ஆங்கிலத்தில் 57 கேள்விகள். ஒவ்வொன்றையும் அவளே தமிழாக்கிக் கேட்டாள்.

“பார்ட்டின்னா நல்லா கலகலன்னு இருப்பீங்களா?”

“எந்தப் பார்ட்டிம்மா? கட்சியா, சரக்கா?”

“தெரியல மாமா. ஆமா, இல்ல மட்டும் சொல்லுங்க. வேற எழுத எடமில்ல.”

கடைசியில் கூட்டிப் பார்த்து மூன்று எண்கள் சொன்னாள்: எக்ஸ்ட்ராவெர்ஷன் இவ்வளவு, நியூராட்டிசம் இவ்வளவு, பொய் இவ்வளவு. பொய்யில் நான் கொஞ்சம் ஜாஸ்தியாம். கிளம்பும்போது சொன்னாள்: “மொதல்ல அப்பாவத்தான் கேட்டேன். மாட்டேன்னுட்டாரு. மில்லு மூடினதுலேருந்து யாருகிட்டயும் பேசறதில்ல. அதுக்காகத்தான் மாமா நான் இந்தப் படிப்புலயே சேந்தேன்.”

அந்த அப்பாவின் மறுப்பிலிருந்துதான் இந்தக் குறிப்புகளைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

‘சப்ஜெக்ட்’ என்பது கல்லூரியில் படிக்கிற பாடம். சோதனைக்கூடத்தில் சோதிக்கப்படுகிற ஆள். பேரரசின் அகராதியில் ஆளப்படுகிறவர். பிரெஞ்சின் ‘சுஜே’வும் இவற்றில் பின்னிரண்டையும் சுமக்கிறது, பிரெஞ்சுக் கொடியின் கீழ் பிறந்த புதுச்சேரிக்காரர்களுக்கு அது புதிய சொல்லல்ல. லக்கானையும் அல்துஸ்ஸரையும் வாசித்த நாம் சிறுபத்திரிகைகளில் அதைத் ‘தன்னிலை’ என்று மொழிபெயர்த்துக்கொண்டோம். உளவியல் மாணவியின் ரெக்கார்டு நோட்டில் இவை அனைத்தும் சுருங்கி ஒரு பெயர், வயது, பால், மூன்று எண்கள் என்றாகின்றன. சாதிக்கு அதில் கட்டமில்லை. தொழிலுக்கு ஒரு கட்டம் உண்டு. தொழில் பறிபோனதற்கு இல்லை.

பயன்பாட்டு உளவியல் நமக்கு நேற்று வந்ததல்ல. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் அதற்கான பிரிவு 1938 இலேயே தொடங்கப்பட்டது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் இதே பெயரில் இளங்கலைப் பட்டம் உண்டு. இங்கே காலாப்பட்டில், புதுவைப் பல்கலைக்கழகத்தில், இப்பெயரிலேயே ஒரு துறை இருக்கிறது. நமது கேள்வி வேறு: பயன்பாடு என்றால் யாருடைய பயன்பாடு? எதை, யார் மீது பயன்படுத்துவது?

என்னை அளந்த வினாநிரல் ஹான்ஸ் ஐசங்க் என்கிற லண்டன் உளவியலாளருடையது. ஆளுமையை உயிரியல் அடித்தளத்தில் வைத்து அளந்துவிடலாம் என்றவர் அவர். 1971 இல் அறிவுத்திறனையும் இனத்தையும் முடிச்சுப்போட்டு, வெள்ளையர் கறுப்பர் வேறுபாட்டில் மரபணுவுக்குப் பங்குண்டு என்று புத்தகம் எழுதினார். ஆளுமை வகைக்கும் புற்றுநோய் முதலான நோய்களுக்கும் தொடர்பு காட்டி அவர் பெயரும் சேர்ந்து வெளியான ஆய்வுரைகளில் 26 நம்பத்தக்கவை அல்ல என்று லண்டன் கிங்ஸ் கல்லூரியின் விசாரணை 2019 இல் முடிவு செய்தது. சோதிக்கப்படுகிறவரின் பொய்யை அளக்க அந்த வினாநிரலில் அளவுகோல் இருக்கிறது. சோதிக்கிறவரின் பொய்யை அளக்க இல்லை. மாணவியிடம் இதைச் சொன்னேன். “இதெல்லாம் போர்ஷன்ல இல்ல மாமா” என்றாள்.

போர்ஷனில் எது இருக்கிறது? தொழிலக உளவியல் என்ற தாளில் ஹாத்தார்ன் ஆய்வு இருக்கிறது. சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலக்ட்ரிக் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்தது. விளக்கொளியைக் கூட்டியும் குறைத்தும், ஓய்வு நேரத்தை மாற்றியும் பார்த்தார்கள். தன்னைக் கவனிக்கிறார்கள் என்கிற உணர்வே தொழிலாளியின் உற்பத்தியைக் கூட்டியது என்பதாகப் பாடநூல்கள் அதைச் சுருக்கிச் சொல்கின்றன. அந்த ஆய்வு முடிந்து நான்கே ஆண்டில், 1936 ஜூலை 30 அன்று, இதே புதுச்சேரியில் சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு நிர்வாகம் துப்பாக்கிச் சூடு நடத்தியது. 12 பேர் செத்தார்கள். எட்டு மணி நேர வேலை அந்த ரத்தத்தில் வந்தது. தொழிலாளியின் மனம் என்று படிக்க உட்கார்ந்த புதுச்சேரிப் பெண்ணுக்கு சிகாகோ ஆலை பாடமாகிறது. அவள் அப்பா வேலை செய்த மில் பாடமாவதில்லை. முன்னதில் தொழிலாளி கவனிக்கப்படுகிறவர். பின்னதில் அவர் பேசுகிறவர், நிறுத்துகிறவர். உளவியலுக்கு முதலாமவர்தான் தோதான ‘சப்ஜெக்ட்’.

‘இது மேற்கத்திய உளவியலின் கோளாறு, நமக்கென்று ஒன்று வேண்டும்’ என்று நண்பர்கள் சொல்லக்கூடும். அதையும் புதுச்சேரி பார்த்துவிட்டது. 2002 இல் இங்கே யோகமும் இந்திய உளவியலும் குறித்து நடந்த தேசிய மாநாட்டில் 150 க்கும் மேற்பட்ட உளவியலாளர்கள் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். புதுச்சேரி அறிக்கை என்றே அதற்குப் பெயர். இந்தியாவில் கற்பிக்கப்படும் உளவியல் மேற்கிலிருந்து பெயர்த்து நட்டது, இந்த மண்ணோடு ஒட்டவில்லை என்றது அது. நோயைச் சரியாகத்தான் சொன்னார்கள். மருந்து என்ன? அந்த வழியில் வந்த பாடநூல்களில் நான் புரட்டிப் பார்த்தவற்றில் உபநிடதம் இருக்கிறது, பதஞ்சலி இருக்கிறார், கீதை இருக்கிறது. பௌத்தமும் இருக்கிறது, 1956 இல் நாகபுரியில் லட்சக்கணக்கானவர்களோடு அம்பேத்கர் ஏற்ற பௌத்தம் இல்லை. சேரியில் பிறந்த பிள்ளையின் மனதில் பள்ளிக்கூடம் ஏற்றி வைக்கிற அவமானத்துக்கு அங்கே கருத்தாக்கமே கிடையாது. லண்டன் வினாநிரல் நம்மை எண்ணாக்கியது, இது ஆன்மாவாக்குகிறது. எண்ணுக்கும் சாதியில்லை, ஆன்மாவுக்கும் சாதியில்லை. சாதியுள்ள மனிதர் இரண்டுக்கும் வெளியே நிற்கிறார்.

இந்த இரண்டுக்கும் அப்பால் போன ஒருவரை நாம் அறிவோம். 1954 நவம்பர் 1 புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் கைமாறிய நாள். பிரான்சின் இன்னொரு காலனியான அல்ஜீரியாவில் விடுதலைப் போர் தொடங்கியதும் அதே நாளில்தான். அப்போது அங்கே பிளிதா மனநல மருத்துவமனையில் மருத்துவராக இருந்தவர் ஃப்ரான்ஸ் ஃபனான். ஹார்வர்டில் உருவான ஒரு படச் சோதனையை அவரது மருத்துவமனையில் முஸ்லிம் பெண்களிடம் நடத்தினார்கள். படத்தைக் காட்டினால் கதை சொல்ல வேண்டும். கதையிலிருந்து மனதைப் படிப்பார்கள். அந்தப் பெண்களுக்குக் கதை வரவில்லை. படத்தில் தெரிகிற பொருள்களை ஒவ்வொன்றாகச் சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். ‘சுதேசிகளுக்கு’ மூளையிலேயே குறை என்பது அன்றைய அல்ஜியர்ஸ் உளமருத்துவத்தின் கதையாடல். ஃபனானும் ஷார்ல் ஜெரோனிமியும் 1956 இல் எழுதிய கட்டுரை வேறு முடிவுக்கு வந்தது: குறை படத்தில் இருக்கிறது, அந்தப் படத்திலுள்ள உலகம் இப்பெண்களுடையதல்ல. அந்தச் சோதனையில் ஓர் அட்டையில் படமே கிடையாது, வெறும் வெள்ளை. அதைக் கொடுத்தபோது அவர்கள் விரிவாகக் கதை சொன்னார்கள்.

இதைச் சொல்லிவிட்டு நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2015 கணக்கில் புதுச்சேரியில் லட்சம் பேருக்கு 43.2 தற்கொலைகள். நாட்டின் சராசரி 10.6. அந்த ஆண்டு நாட்டிலேயே இதுதான் மிக அதிகம். 2022 இல் 29.7, சராசரி 12.4. காரணம் என்ற கட்டத்தில் ‘குடும்பப் பிரச்சினை’ என்று எழுதப்படுகிறது. குடும்பத்துக்குள் கடன் எப்படி வந்தது, குடி எப்படி வந்தது, மூடிய மில்லின் சங்கு ஏன் இன்னும் ஒருவர் காதில் விழுகிறது என்பதற்கெல்லாம் கட்டமில்லை. ஆனால் இந்த விமர்சனத்தை வைத்துக்கொண்டு இன்று இரவு தூங்க முடியாதவருக்கு நாம் என்ன செய்கிறோம்? நாமும் தன்னிலையின் சிதைவு பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். சிதைந்த ஒரு தோழர் பக்கத்தில் போய் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்? சோதனைத் தாளோடாவது அவரிடம் போனவள் அந்தப் பெண்தான்.

அவளுக்குக் கிடைக்கப்போகிற பட்டமும் நுழைவாயில் மட்டுமே. மருத்துவ உளவியலாளராகத் தொழில் செய்ய இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும். பொதுவான இளங்கலை அதற்குப் போதாது. மேலே படிக்க வசதியில்லாதவர்கள் தேர்வாணையத் தேர்வுக்கும் கம்பெனி வேலைக்கும் போய்விடுவார்கள். அப்படியானால் இந்த மூன்றாண்டில் நிகழக்கூடியது ஒன்றுதான்: கேட்கப் பழகுவது. தமிழில் கேட்பது. தொழிற்சங்க அலுவலகத்தில், குப்பத்தில், சேரியில், ஆமா இல்லை என்ற கட்டங்களைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்பது. அதை மதிப்பெண்ணுக்குரிய வேலையாக ஆக்கச் சொல்லி நாம் வாதாடலாம். சங்கத்தின் கதவுகளை இந்த மாணவர்களுக்குத் திறந்து விடலாம்.

அப்பாவின் தாளில் என்ன எழுதினாய் என்று பிறகு கேட்டேன். “‘சப்ஜெக்ட் ஒத்துழைக்கவில்லை’ன்னு எழுதணும்னாங்க மாமா. எழுத மனசு வரல. அந்தத் தாள அப்படியே வெச்சிருக்கேன்.”

ஒத்துழைக்க மறுப்பது என்பதற்கு இந்த ஊர் மில்களில் ஒரு வரலாறு இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். 1936 பற்றி அவள் கேள்விப்பட்டதில்லை. “அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குமா?” என்று கேட்டாள். போய்க் கேள் என்றேன்.