கற்றலும் களவும்: பெரினிஸ் ஆபட்டின் புகைப்படங்கள்

பிறர் ஆக்கங்களைக் கற்பதால் கலைஞன் வளர்வானா, தன் தனித்தன்மையை இழப்பானா என்பது நெடுநாள் வழக்கு. புகைப்படக் கலையில் இவ்வழக்கு இன்னும் கடுமையுடையது. பழைய கவிஞன் ஒருவனைப் போலப் பாட விரும்புவோனுக்கு அவனளவு சொல்வளம் வேண்டும். புகைப்படக் கலைஞனோ, முன்னவன் நின்ற இடத்திற் சென்று நின்றால், முன்னவன் படத்தையே ஏறக்குறைய எடுத்துவிடலாம். போலச் செய்தல் இத்துணை எளிதாகிய கலையில், கற்றல் எது, களவு எது என்று பிரித்தறிவது எங்ஙனம்? அமெரிக்கக் கலைஞர் பெரினிஸ் ஆபட்டின் (1898–1991) படங்கள் இதற்குத் தக்க விடை தருகின்றன.

அட்ஜேயின் பாரிஸ்

சிற்பம் பயிலும் விருப்பால் 1921-இல் பாரிஸ் சென்ற ஆபட், 1923-இல் மான் ரே என்னும் கலைஞரிடம் உதவியாளராய் அமர்ந்து புகைப்படத் தொழிலைக் கற்றார். அவர் வழியாகவே முதியவர் யூஜீன் அட்ஜேயின் படங்களைக் கண்டார். அட்ஜே (1857–1927) புகழை நாடியவரல்லர். ஓவியர்க்கும் பிறர்க்கும் பயன்படும் ஆவணங்கள் என்றே தம் படங்களை விற்றுப் பிழைத்தவர். மரத்தாலான பெரிய கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்து சென்று, பாரிஸின் சந்துகளையும் முற்றங்களையும் மாடிப்படிகளையும் கடை முகப்புகளையும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பதிவு செய்தார். 1926-இல் சர்ரியலிசக் கலைஞர்களின் இதழொன்று அவர் படத்தை அட்டையில் வெளியிட்டபோது, தம் பெயரைப் போடவேண்டா என்றார்.

1927-இல் ஆபட் அம்முதியவரைப் படம் எடுத்தார். அச்சிட்ட படங்களைக் காட்டச் சென்றபோது அவர் உயிரோடில்லை. மறு ஆண்டே, எஞ்சிக் கிடந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட கண்ணாடித் தகடுகளையும் பல்லாயிரம் படங்களையும் ஆபட் விலைகொடுத்து வாங்கினார். 1968-இல் நியூயார்க்கின் நவீனக் கலைக் காட்சியகத்திடம் சேர்க்கும் வரை நாற்பது ஆண்டுகள் அவற்றைக் காத்தார். அவர் மேற்கொண்ட கல்வி ஒருநாட் காட்சியன்று, நாற்பதாண்டு உடனுறைவு.

பெற்றது எது?

1929-இல் ஆபட் நியூயார்க் திரும்பினார். பழைய வீடுகள் இடிந்து வானளாவிகள் எழுவதைக் கண்டு, அந்நகரைப் பதிவு செய்வதே தம் பணி எனத் துணிந்தார். 1935 முதல் அமெரிக்க அரசின் கலைத்திட்டம் துணைநின்றது. 1939-இல் 'மாறிவரும் நியூயார்க்' என்னும் நூல் 97 படங்களுடன் வெளிவந்தது.

பிளீக்கர் தெருவின் ரொட்டிக் கடையை 1937-இல் அவர் எடுத்த படத்தையும், பவரித் தெருவின் இரும்புச் சாமான் கடையை 1938-இல் எடுத்த படத்தையும் காண்போர்க்கு அட்ஜேயின் கடை முகப்புகள் உடனே நினைவுக்கு வரும். முகப்பை அடைத்து நிற்கும் பண்டங்கள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிகின்றன. சிறந்த படங்களே, ஆயினும் பாரிஸை மறந்து இவற்றை நோக்குதல் அரிது. இங்கே ஆபட் நல்ல மாணவியாக நிற்கிறார், அவ்வளவே.

'இரவுக் காட்சி, நியூயார்க்' (1932) என்னும் படம் அத்தகையதன்று. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உயரத்திலிருந்து, குளிர்கால மாலையில், அலுவலர் விளக்கணைத்து வெளியேறுமுன் எடுத்தது அது. 15 நிமிடம் கேமராவைத் திறந்துவைத்து ஒளியைத் திரட்டினார். ஆயிரமாயிரம் பலகணிகள் சுடர்விடும் அக்காட்சியில் அட்ஜேயின் பொருள் ஒன்றுமில்லை. அவர் தெருவில் நின்று, அழிந்துவரும் பழமையைத் தேடியவர். ஆனால் ஒளி கனியும் வேளையறிந்து காத்திருக்கும் பொறுமையும், நகரமே பேசட்டும் என்று தாம் ஒதுங்கி நிற்கும் அடக்கமும் அவர் வழங்கியவை. பொருள் புதிது, ஒழுக்கம் பழையது.

வழிநூல் முறை

தமிழ் இலக்கண ஆசிரியர் வழிநூலைத் தாழ்வாகக் கருதவில்லை. முன்னவன் கருத்தோடு உடன்பட்டுச் செல்லினும், பின்வந்தவன் தனக்கென ஒரு வேறுபாட்டைக் கொணர்தல் வேண்டும் என்பதே அதற்கு அவர் வகுத்த வரம்பு. ஆபட் கொணர்ந்த வேறுபாடு யாது? அட்ஜே பழமையைத் தனியே நிறுத்திக் காட்டினார். ஆபட் பழமையையும் புதுமையையும் ஒரே சட்டத்துள் மோதவிட்டார். அட்ஜேயின் விடியற்காலை ஒளியிலுள்ள கனிவு ஆபட்டிடம் இல்லை என்பது உண்மை; அவருடைய ஒளி கூரியது. எஃகும் கண்ணாடியுமாக எழுந்த நகருக்கு அக்கூர்மையே பொருந்தும் ஆதலின், அதனைக் குறையெனல் ஆகாது.

கலை பயில்வோர்க்குப் பிறர் படங்களைக் காட்டும் ஆசிரியர் கேட்கவேண்டிய வினாவும் இதனால் விளங்கும். 'இவர் எங்கே நின்று எடுத்தார்?' என்று கேட்பவன் இடத்தை அறிவான். 'ஏன் அங்கே நின்றார், எதற்காகக் காத்திருந்தார், எதனை விலக்கினார்?' என்று கேட்பவனே கலையை அறிவான். அட்ஜேயின் சந்துகளிலேயே நடந்து, அவர் படங்களையே திரும்ப எடுத்து வாழ ஆபட்டுக்கு வழியிருந்தது. அவரோ கப்பலேறித் தம் நாடு திரும்பினார். ஆசானின் தகடுகளைக் காத்தார். கண்ணைத் தம் நகர்மீது வைத்தார்.