தனக்குப் பகை தானேயாய வழுதி

மனோன்மணீயத்து வாழ்த்துப்பாவின் ஒரு பகுதி 1970 முதல் தமிழ்நாட்டரசின் விழாக்களிற் பாடப்பெற்று வருதலின், அதனைக் கேளாதார் அரியர். அந்நாடகத் தலைவனாகிய சீவக வழுதியை அறிந்தாரோ சிலரே. அறிந்தாரும், குடிலன் என்னும் அமைச்சனாற் கெட்டவன் அவன் என்று கூறி அமைவர். இக்கூற்று ஆராயத்தக்கது.

பெ. சுந்தரம் பிள்ளையவர்கள் 1891-இல் வெளியிட்ட இந்நூல், லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதையொன்றைத் தழுவி ஐந்து அங்கங்களால் இயன்றது. பிள்ளையவர்கள் கோடகநல்லூர்ச் சுந்தர சுவாமிகளைக் குருவாகக் கொண்டவர். நாடகத்துள் வரும் சுந்தர முனிவர் யாரை நினைவூட்டுவர் என்பது சொல்லாமலே அமையும்.

குடிலன் செய்தன யாவை? மதுரையை விடுத்துத் திருநெல்வேலியிற் கோட்டை அமைக்கச் சொன்னான். சேரன் புருடோத்தமனிடம் மணத்தூதாக நடராசனை விடுக்க என்று முனிவர் கூறியிருப்பவும், தன் மகன் பலதேவனையே விடுக்கச் செய்தான். இவையெல்லாம் வெறுஞ்சொற்களே. அவற்றைச் செயலாக்கியது வழுதியின் செவி. குடிலனது வஞ்சத்தை உணர்ந்த நாராயணன் அச்செவிக்குக் கசந்தான். முனிவர் உரை புறத்தே நின்றது. போரில் தோற்றபின், மகளைப் பலதேவனுக்கே மணஞ்செய்விக்கவும் மன்னன் இசைந்தான். தன் குலத்தைக் கெடுத்தவன் கையிற் குலக்கொடியையும் தானே நீட்டினான் என்றால், பகைவன் வேறு யாவன்?

வழுதி கொடியவன் அல்லன்; மகள்மாட்டு உருகுபவன், வீரன். இராவணனைப்போல் மலையெடுத்தவனும் அல்லன். ஆணவத்தைச் செருக்கென்று மட்டும் கொள்வார்க்கு இவன்பால் அது புலப்படாது. அறிவை மறைக்கும் இருளே ஆணவம் என்னும் சித்தாந்த நெறியிற் காண்பார்க்கோ, சார்ந்ததன் வண்ணமாகும் உயிரின் இயல்பு இவன்கண் நன்கு விளங்கும். முனிவரும் குடிலனும் ஒருங்கே எதிர்நிற்ப, இனிய சொல்லைச் சார்ந்து இவன் அதுவானான்.

குடிலனை மாயையின் உருவகமெனக் கொள்ளின், அது பொருந்துமாறில்லை. மாயை தநு கரண புவன போகங்களை உதவி, இருளிடை விளக்குப்போல் உயிரறிவைச் சிறிது விளக்குவது. குடிலனோ இருந்த விளக்கையும் அவிப்பவன். உருவகம் வேண்டுமாயின், வழுதியின் அகத்திருளே புறத்தே அமைச்சனாய் நின்றதென்க.

இனிச் சுருங்கை. சேலத்தை அடுத்த ஏற்காட்டிற் சேர்வராயன் மலைமீது குகைக்கோயில் ஒன்றுண்டு. குனிந்து புகவேண்டிய அக்குறுகிய வழி காவிரிவரை செல்வதென்று மலைவாழ்நர் நம்புவர். புதியவன் கண்ணுக்கு இருள். அவர்க்குத் தெய்வம் உறையுமிடம். முனிவர் கோட்டையில் ஓர் அறை பெற்று, அதனினின்றும் அமைத்த சுருங்கையும் அத்தகையதே. அதனைக் கண்டுகொண்ட குடிலன், அரசனைக் காட்டிக்கொடுக்கக் கருதிச் சேரனை அவ்வழியே அழைத்து வருகின்றான். வந்தவனோ மனோன்மணிக்கு உரிய மணவாளன்! மறைத்தலும் அருளின் தொழிலே என்பதற்கு இதனினும் இனிய காட்சி தமிழ் நாடகத்துள் அரிது. அறை வேண்டிய முனிவர்க்கு மறாது ஈந்த அவ்வொன்றே வழுதி தனக்குத்தான் செய்துகொண்ட நன்மை.

ஆயினும் ஒரு குறை கூறற்பாலது. குடிலனைத் தளையிற் கண்ட பின்னரே வழுதி தெளிகின்றான். அத்தெளிவு கண்முன் நின்ற சான்றினால் வந்தது. மலம் பழுத்து அகத்தே அரும்பியதன்று. மாலை விழுந்ததும் நாடகமும் விரைந்து முடிகின்றது. பலதேவனுக்கு மகளைக் கொடுக்க இசைந்த இரவில், வழுதி தன்னையே வினவித் தன் செவியின் குற்றத்தைத் தானே காணும் களமொன்று விரிந்து அமைந்திருப்பின், சேரன் வரவு கதையின் திருப்பமாக மட்டும் நில்லாது பக்குவத்திற்கு வாய்த்த பேறாகவும் விளங்கியிருக்கும்.