ஒரு பாட்டில் ஆறாத முட்டி

சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமத்தில் கபடிப் போட்டி. முட்டியில் கிரீப் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு ஒரு பையன் பாடிப் போனான். “கட்டோட ஆடுதாம்ல, அவம்லா ஆம்பள!” என்றார் பக்கத்துப் பெரியவர். கூட்டம் விசிலடித்தது. நானும் கைதட்டினேன். அடுத்த ரெய்டில் சட்டென்று திரும்பியவன் முட்டி மடங்கி விழுந்தான். நாலு பேர் தூக்கிப் போனார்கள். ஆட்டம் தொடர்ந்தது.

இப்படிக் கைதட்ட நமக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? முதல் குற்றவாளி சினிமாதான். சுசீந்திரனின் ‘வெண்ணிலா கபடிகுழு’ (2009) எனக்குப் பிடித்த படம். புழுதி, வியர்வை, கூலிவேலைப் பையன்களின் கேலி எல்லாமே அசல். ஆனால் கடைசி ஆட்டத்தோடு நாயகனின் உயிரும் போகிறது. ‘உயிரைக் கொடுத்து ஆடினான்யா’ என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தோம். அடிபட்டவன் மாதக்கணக்கில் தொடைக்குப் பயிற்சி செய்கிற காட்சியை நீங்கள் எந்தப் படத்திலாவது பார்த்திருக்கிறீர்களா? ஒரு பாட்டு வரும். அது முடிவதற்குள் ஹீரோ மைதானத்தில் இருப்பார்.

நிஜத்தில் முட்டிக்குப் பாட்டு கேட்காது. ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆனவர்களை நார்வேயில் இரண்டு வருடம் கவனித்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்பது மாதம் வரை, களத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போட்டபோதும் மறுபடி அடிபடுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாம். சும்மா உட்கார்ந்திருந்தாலும் போதாது. அடிபட்ட காலின் பலம் நல்ல காலில் 90 சதவீதமாவது தேற வேண்டும். வலி போவது வேறு, கால் தயாராவது வேறு.

பும்ராவையே பாருங்கள். முதுகுக் காயத்திலிருந்து 2022 செப்டம்பரில் திரும்பினார். சில நாட்களில் மறுபடி முதுகு மக்கர் செய்ய, அந்த வருட டி20 உலகக் கோப்பை போயிற்று. 2023-ல் ஆபரேஷன் செய்துகொண்டு ஆகஸ்ட் வரை பொறுத்திருந்தார். 2024 டி20 உலகக் கோப்பையில் தொடர் நாயகன் அவர்தான்.

அவருக்கு பெங்களூர் அகாடமி இருந்தது. நம்ம பையனுக்குத் திங்கட்கிழமை வேலைக்குப் போனால்தான் சோறு. ஸ்போர்ட்ஸ் கோட்டா செலக்‌ஷன் என்றைக்கோ ஒருநாள் வரும். அதை விட மனசு வருமா? அவசரத்துக்கு அவனைத் திட்டிப் பிரயோஜனமில்லை. கோப்பைக்கும் ஃப்ளெக்ஸுக்கும் செலவழிக்கிற விழாக் கமிட்டிகள், ஒரு பிசியோதெரபிஸ்டைக் களத்தோரம் உட்காரவைத்து, ‘நீ ஆடலாம், நீ ஆடக்கூடாது’ என்று சொல்லும் அதிகாரத்தை அவரிடம் கொடுக்கலாம். சங்கரநாராயணர் கோயில் புற்றுமண்ணையும் பூசிக்கொள்ளட்டும், தப்பில்லை. ஆனால் பயிற்சிக்குப் பதிலாக அல்ல.

அடுத்த தடவை கட்டோடு யாராவது பாடி வந்தால் நான் கைதட்டப்போவதில்லை. நீங்களும் தட்டாதீர்கள். “உக்காருலே, அடுத்த வருசம் ஆடலாம்” என்று சொல்ல ஒரு ஆள் போதும்.