ஊட்னடாட்டா சாலையில் ஒரு செயற்கைக்கோள் கருவி

தெற்கு ஆஸ்திரேலியாவின் மாரீயில் தொடங்கி மார்லாவில் முடியும் ஊட்னடாட்டா மண்சாலையின் நீளம் ஏறக்குறைய 620 கிலோமீட்டர். ஊர் எல்லையைத் தாண்டியதுமே கைபேசியில் சிக்னல் போய்விடும். அந்தச் சாலையில் கார்மின் நிறுவனத்தின் இன்ரீச் மினி 2 கருவியை எடுத்துச்சென்று பார்த்தேன்.

2022இல் வெளிவந்த இந்தக் கருவியின் எடை 100 கிராம். சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் இரிடியம் செயற்கைக்கோள்கள் வழியாக இது செய்தி அனுப்புகிறது. பேச முடியாது, 160 எழுத்துகளுக்குள் எழுதலாம், பதிலும் வரும்.

அந்தப் பதிலுக்காகத்தான் இதை வாங்கச் சொல்வேன். இத்தகைய சாலைகளில் உயிருக்கு ஆபத்து வருவது அரிது. டயர் கிழியும், மழை பெய்தால் சாலையையே மூடிவிடுவார்கள், நின்ற இடத்தில் இரவைக் கழிக்க வேண்டியிருக்கும். வீட்டிலிருப்பவர்களோ பதறிப்போய் போலீஸுக்குச் சொல்லிவிடுவார்கள். ‘நாளைதான் வருவோம், எல்லாரும் நலம்’ என்ற ஒரு வரி போதும், யாரும் தேடிக் கிளம்ப வேண்டாம்.

கருவியின் பொத்தான்களை அழுத்தி ஒவ்வோர் எழுத்தாகச் சேர்ப்பது பொறுமையைச் சோதிக்கிறது. கைபேசிச் செயலியோடு ப்ளூடூத்தில் இணைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. திறந்த வெளியில் செய்தி விரைவாகப் போகிறது. பாறை இடுக்கிலும் அடர்ந்த மரத்தடியிலும் காத்திருக்க வேண்டும். வண்டியின் இரும்புக் கூரையும் வானத்தை மறைக்கும் என்பதால் முன்கண்ணாடியை ஒட்டி வைப்பதே சரி.

பக்கவாட்டில் மூடிக்குள் இருக்கிறது எஸ்ஓஎஸ் பொத்தான். அதைச் சோதித்துப் பார்க்கக் கூடாது. மீட்பு ஏற்பாடு தொடங்கிவிடும். அழுத்தினால் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும் மையத்துக்குச் செய்தி போகும். என்ன நடந்தது, யாருக்கு அடி என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். பாம்புக்கடிக்கும் அச்சு முறிந்ததற்கும் ஒரே உதவி போதாதே.

இதன் பலவீனம் சந்தா. கட்டத் தவறினால் எஸ்ஓஎஸ் கூட இயங்காது. அதனால் தனியே நடப்பவர்கள் பிஎல்பி எனப்படும் அவசரக் குறிகாட்டியையும் வைத்துக்கொள்வது நல்லது. பிஎல்பிக்குச் சந்தா கிடையாது, பேட்டரி பல ஆண்டுகள் காத்திருக்கும், இயக்கினால் 406 மெகாஹெர்ட்ஸில் குறைந்தது 24 மணி நேரம் குறிப்பலை அனுப்பும். அது கான்பராவிலுள்ள மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குப் போய்ச் சேரும். பதில் மட்டும் வராது. பிஎல்பியை ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் இலவசமாகப் பதிவுசெய்ய வேண்டும். சிட்னிக்கு மேற்கேயுள்ள ப்ளூ மவுண்டன்ஸில் நடைப்பயணிகளுக்கு இதை இலவசமாகவே இரவல் தருகிறார்கள்.

ஐபோன் 14 முதலான மாடல்களில் செயற்கைக்கோள் எஸ்ஓஎஸ் 2023 மே முதல் ஆஸ்திரேலியாவில் கிடைக்கிறது. வரைபடம், கேமரா, பாட்டு எல்லாவற்றுக்கும் அதே பேட்டரி என்பதால் அதை மட்டும் நம்பிப் போக மாட்டேன். வண்டியில் யுஎச்எஃப் ரேடியோ அவசியம் வேண்டும். 40ஆம் சேனலில் கூப்பிட்டால், எந்த மீட்புப் படைக்கும் முன்னால் பக்கத்தில் வரும் ட்ரக் ஓட்டுநர் வந்து சேர்ந்துவிடுவார்.

இந்தியாவுக்குப் பயணம் வைத்திருந்தால் இன்ரீச்சை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அரசு அனுமதியின்றிச் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி வைத்திருப்பது அங்கே குற்றம். விமான நிலையத்திலேயே வெளிநாட்டுப் பயணிகள் கைதாகியிருக்கிறார்கள். இமயமலையில் நடப்பவர்களுக்கு இவ்வளவு பயன்படக்கூடிய ஒன்றுக்கு எளிய அனுமதி முறை இல்லாதது வருத்தம் தருகிறது.