மறுபதிப்பும் மூலபாடமும்: 'கமாண்ட் அண்ட் காங்கர்' புதுக்கிய தொகுப்பு

பழைய படைப்பொன்றைப் புதுக்கி வெளியிடுவோர்க்குக் கடமைகள் இரண்டு. இன்று பயில்வோர்க்கு எளிமை செய்தல் ஒன்று. மூலத்திற்கு மாறுபடாது நிற்றல் மற்றொன்று. இவ்விரண்டும் எப்பொழுதும் ஒத்துச் செல்வதில்லை. எளிமையையே நாடின் மூலம் திரியும். மூலத்தையே பேணின் பயில்வோர் அருகுவர். ஏடுகளை ஒப்பிட்டுப் பாடங்கண்ட பதிப்பாசிரியர்களின் வழிவந்த நமக்கு இச்சிக்கல் புதிதன்று. ஆயின் அது நூல்களுக்கே உரியதன்று என்பதைக் கணிப்பொறி ஆட்டங்கள் இன்று காட்டுகின்றன. 2020 சூன் 5-ஆம் நாள் வெளிவந்த 'கமாண்ட் அண்ட் காங்கர்' புதுக்கிய தொகுப்பை எடுத்துக்கொண்டு, அம்மறுபதிப்பு மூலத்தை எவ்வளவிற் காக்கின்றது, எவ்விடத்து மாற்றுகின்றது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஆட்டமும் அதன் வரலாறும்

சதுரங்கத்தில் ஒருவர் காயை நகர்த்தி முடிக்குந்துணையும் மற்றவர் காத்திருப்பர். நிகழ்நேர வியூக ஆட்டத்திலோ காத்திருத்தல் இல்லை. நாம் எண்ணிக்கொண்டிருக்கும் பொழுதே பகைவனும் பாசறை கட்டுவான், பொருள் திரட்டுவான், படை செலுத்துவான். இவ்வகைக்கு நிலைத்த வடிவம் தந்தது, அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் இயங்கிய வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ் 1992-இல் வெளியிட்ட 'டியூன் 2' ஆகும். அந்நிறுவனமே 1995-இல் 'கமாண்ட் அண்ட் காங்கர்' ஆட்டத்தையும், 1996-இல் அதன் கிளையாகிய 'ரெட் அலர்ட்' ஆட்டத்தையும் ஆக்கியது.

முதலாட்டத்தின் அடிப்படை எளியது. டைபீரியம் என்னும் வேற்றுலகக் கனிமம் நிலத்திற் பரவுகின்றது. அறுவடை வண்டி அதனைத் திரட்டிக் கொணர்கின்றது, அது பணமாகின்றது, பணம் படையாகின்றது. ஜி.டி.ஐ. என்னும் உலகக் காவற்படையும், கேன் என்பானைத் தலைவனாகக் கொண்ட 'நாட்' கூட்டத்தாரும் இதன்பொருட்டுப் பொருகின்றனர். போர்களுக்கு இடையிடையே நடிகர் தோன்றும் படக்காட்சிகள் கதையை நடத்திச் செல்கின்றன. கேனாக நடித்த ஜோ கூக்கனே அக்காட்சிகளை இயக்கியவரும் ஆவார்.

வெஸ்ட்வுட் 1998-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்திற்கு விற்கப்பட்டு, 2003-இல் மூடப்பட்டது. அங்கிருந்து வெளியேறியோர் சிலர் அவ்வாண்டே பெட்ரோகிளிஃப் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். 2020-இன் புதுக்கிய தொகுப்பை ஆக்கியவர் இவரே. ஓவியங்களைப் புதுக்குவதில் மலேசியாவின் லெமன் ஸ்கை நிறுவனம் துணைநின்றது. இசையை முன்பு அமைத்த பிராங்க் கிளெபாக்கியே மீண்டும் வந்து புதுக்கினார். ஆக்கியோரே பதிப்பாசிரியராதல் அரிய பேறு. ஆயின் ஆக்கியோனுக்குத் தன் படைப்பைத் திருத்தும் ஆசை எழுதல் இயல்பாதலின், இப்பேற்றுள் ஓர் இடரும் உண்டு என்பதை மறத்தலாகாது.

2. காத்தவை

இத்தொகுப்பின் முதற்சிறப்பு, இரண்டு ஆட்டங்களின் பழைய நிரலையே அடித்தளமாகக் கொண்டமை. மேலே புதிய ஓவியத்தைப் போர்த்தினும், உள்ளே இயங்குவது அன்றைய நிரலே. இதனால் நிறைகளோடு குறைகளும் தொடர்ந்தன. அறுவடை வண்டிகள் வழி தெரியாது தடுமாறும் பழங்குறை வெளியான காலத்தில் அவ்வாறே இருந்தது. அதனைச் சிலர் பழித்தனர். பதிப்புநெறி அறிந்தார் அதனைப் பழியார்.

இரண்டாவது சிறப்பு, தனியே ஆடுங்கால் இடைவெளிக் கட்டையை ஒருமுறை அழுத்தினால் புதிய ஓவியம் மறைந்து பழைய ஓவியம் தோன்றுவது. கிடைமட்டத்தில் 320, செங்குத்தில் 200 என 64,000 புள்ளிகளால் அமைந்தது 1995-இன் திரை. புதிய தொகுப்போ 3840-க்கு 2160 என்னும் அளவு வரை விரிவது. அஃதாவது முன்னதினும் ஏறத்தாழ 130 மடங்கு நுண்மையுடையது.

இவ்வாட்டத்தை மாணவப் பருவத்தில் ஆடியவன் யான். புதிய ஓவியத்தை முதலிற் கண்டபொழுது, 'பண்டும் இவ்வாறே இருந்தது' என்று என் நினைவு சான்று பகர்ந்தது. கட்டையை அழுத்தியதும் அச்சான்று பொய்த்தது. சில புள்ளிகளாக நின்ற வீரனுக்கு முகமும் படைக்கலமும் தந்தவை அன்றைய என் கற்பனையே. ஆதலின் மறுபதிப்பு ஒத்திருப்பது மூலத்தை அன்று, மூலத்தைப் பற்றிய நினைவை. பழையது அருகே இல்லையாயின் இவ்வேறுபாட்டை அறிய வழியே இல்லை. நினைவே மூலமாக நின்றுவிடும்.

மூன்றாவதாக, படக்காட்சிகளின் முதல் நாடாக்கள் கிடைக்கவில்லை. எஞ்சிய படிகளையே கொண்டு, செயற்கை நுண்ணறிவின் துணையால் அவற்றைப் பெரிதாக்கினர். சிதைந்த இடத்தை ஊகித்து நிரப்பும் முறை இது. தெளிவு சில இடங்களிற் செயற்கையாய்த் தோன்றுதல் உண்மையே. எனினும் நடிகரை வைத்துப் புதிதாகப் படம்பிடித்துப் பழையதற்கு மாற்றாக இடவில்லை என்பது போற்றத்தக்கது.

3. மாற்றியவை

இனி மாற்றத்திற்கு வருவோம். மூலத்தில் ஒரு தொழிற்சாலை ஒருபொழுதில் ஒரு படைக்கருவியையே ஆக்கும். அது முடிந்ததும் மறுபடியும் ஆணையிடல் வேண்டும். பத்து வண்டி வேண்டுவோன் பத்துமுறை போர்க்களத்தினின்று கண்ணை எடுத்துப் பக்கப்பலகையை நோக்கவேண்டும். புதிய தொகுப்பில் பலவற்றிற்கு ஒருசேர ஆணையிட்டு வரிசையில் நிறுத்தலாம். பக்கப்பலகையும் வகைவகையாகப் பிரிக்கப்பட்டுள்ளது.

இதனைச் சிறு வசதி என ஒதுக்குதல் பொருந்தாது. மூலத்தில் டைபீரியத்தினும் அரிய பொருள் ஆடுவோனின் கவனமே. களத்திற்கும் தொழிற்சாலைக்கும் இடையே அதனைப் பகிர்ந்தளிப்பதே ஆட்டத்தின் உயிர். செய்யுளின் எழுத்துவடிவைப் புதுக்குதல் வேறு. சீரை மாற்றுதல் வேறு. ஓவியத்தைப் புதுக்கியது முன்னது. ஆணை வரிசையைப் புகுத்தியது பின்னது.

'வேண்டாதார் அதனைப் பயன்படுத்தாது விடலாமே' எனின், தனியே ஆடுவார்க்கு அது பொருந்தும். இருவர் எதிரெதிர் பொருங்கால் ஒருவன் மட்டும் விடுதல் இயலாது. மேலும், இடைவெளிக் கட்டை மாற்றிக் காட்டுவது களத்தின் ஓவியத்தை மட்டுமே. பக்கப்பலகை புதியதாகவே நிற்கும். கண்ணுக்குப் புலனாகும் மாற்றத்திற்குப் பாடவேறுபாடு காட்டிய பதிப்பு, கைக்குப் புலனாகும் மாற்றத்திற்கு அதனைக் காட்டாது விட்டது. இதுவே இத்தொகுப்பின் குறை.

4. ஒப்பீடு

பிளிசார்டு நிறுவனத்தின் மறுபதிப்புகள் இரண்டை ஒப்பிடின் மேற்கூறியது விளங்கும். 1998-இல் வந்த 'ஸ்டார்கிராஃப்ட்' ஆட்டத்தை அந்நிறுவனம் 2017 ஆகஸ்டில் புதுக்கியது. ஒருபொழுதில் 12 வீரரை மட்டுமே தெரிந்தெடுக்கலாம் என்னும் பழைய வரம்பை நீக்க எளிதில் இயலும், நீக்கவில்லை. அவ்வரம்பிற்குள்ளேயே திறன் வளர்த்த ஆட்டக்காரர் மரபு ஒன்று கொரியாவில் உண்டு. வரம்பு போயின் அம்மரபும் போகும் என்பதை அந்நிறுவனம் உணர்ந்திருந்தது.

அந்நிறுவனமே 2020 சனவரி 28-இல் 'வார்கிராஃப்ட் 3' ஆட்டத்தைப் புதுக்கி வெளியிட்டபொழுது நிகழ்ந்தது வேறு. இணையவழிப் பழைய ஆட்டத்தை வைத்திருந்தோர்க்கும் புதியதே அதனிடத்தில் வந்தமைந்தது. பழையதில் இருந்த தரவரிசை முதலிய சில கூறுகள் புதியதில் இல்லை; அவை பின்னரே சேர்க்கப்பட்டன. ஆடுவோர் சினந்தமைக்கு அழகின்மை மட்டும் காரணமன்று. தம் கையிலிருந்த படி கேளாமலே மாற்றப்பட்டமையே முதற்காரணம். புதிய பதிப்பு வந்த அன்றே பழைய பதிப்புகளை வீடுதோறும் சென்று எடுத்துக்கொள்ளும் பதிப்பகத்தை நாம் ஒப்புவோமா?

'கமாண்ட் அண்ட் காங்கர்' வரலாறு இதற்கு மறுதலை. முதலாட்டம் 2007-இலும் 'ரெட் அலர்ட்' 2008-இலும் விலையின்றிப் பெறுமாறு விடப்பட்டன. 2020-இல் இருவாட்டங்களின் நிரற்பகுதிகள் எவரும் கண்டு, திருத்தி, அதே உரிமையோடு வெளியிடுமாறு பொது உரிமத்தின்கீழ் வழங்கப்பட்டன. 2025-இல் முழுமூல நிரல்களும் அவ்வாறே வெளிவந்தன. ஏட்டையே பொதுவில் வைத்தபின், எந்தப் பதிப்பின் பிழையையும் எவரும் ஒப்பிட்டுத் திருத்தலாம். மேற்காட்டிய குறையையும் அவ்வாறே பிறர் நிறைவுசெய்ய வழியுண்டு.

5. முடிவு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. வடிவைப் புதுக்குதல் மறுபதிப்பின் உரிமை. படைப்பின் வரம்புகளும் படைப்பின் பகுதியே ஆதலின், அவற்றை மாற்றுவோர் மாற்றினமையை வெளிப்படக் காட்டுதல் கடமை. பழையதை அகற்றிவிட்டுப் புதியதை வைப்பது பதிப்பாகாது, அது மாற்றீடு.

கணிப்பொறி ஆட்டம் ஆராய்ச்சிக்குரிய பொருளோ என வினவுவார் இருக்கலாம். நூலைக் கரையான் அரிக்கச் சிறிது காலமேனும் ஆகும். இவ்வாட்டங்களை ஒரே இரவில் ஒரு நிறுவனம் மாற்றிவிட முடியும். மூலத்தைக் காக்கும் கல்வி எங்குளதோ, அங்கிருந்தே இதற்கும் குரல் எழுதல் வேண்டும்.