தியானம் தேடிச் செல்லும் பயணம்
(‘ஈட், ப்ரே, லவ்’ நூலை முன்வைத்துச் சில எண்ணங்கள்)

ஐந்தாண்டுகளாகச் சபைப்பணி ஆற்றிவரும் இளம் ஆயர் ஒருவர், சில மாதங்களுக்கு முன் ஆங்கில நூலொன்றை என் கையில் தந்து, “ஐயா, இதைப் படித்ததிலிருந்து எங்காவது ஓர் ஆசிரமத்துக்குப் போய்விடலாம் போலிருக்கிறது” என்றார். ஏழு கிராமச் சபைகளை ஒருவராகவே கவனித்து வருபவர் அவர். அவருடைய களைப்பை நான் அறிவேன். ஆகவே நூலை எள்ளும் நோக்கத்தோடு நான் படிக்கத் தொடங்கவில்லை.

அமெரிக்க எழுத்தாளர் எலிசபெத் கில்பர்ட் 2006-இல் வெளியிட்ட ‘ஈட், ப்ரே, லவ்’ என்பதே அந்நூல். மணமுறிவினால் நிலைகுலைந்த ஆசிரியை, இத்தாலி, இந்தியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளில் நான்கு நான்கு மாதங்கள் தங்கித் தம் நலத்தை மீட்டுக்கொண்ட வரலாறு அது. ஜெபமாலையின் மணிகளைப்போல் 108 சிறு பகுதிகள், நாடொன்றுக்கு 36. எழுதப்படாத நூலுக்குப் பதிப்பகம் அளித்த முன்பணமே பயணத்துக்கு வழிசெய்தது என்பதை அவர் மறைக்கவில்லை. 2010-இல் திரைப்படம் வெளிவந்தபின், அவர் சென்ற வழியே அழைத்துச் செல்லும் சுற்றுலாக்களும் விற்பனைக்கு வந்தன.

நமது கவனத்துக்குரியது இந்தியப் பகுதி. நாட்டைச் சுற்றிப் பார்க்க எண்ணி வந்தவர், நான்கு மாதங்களையும் ஆசிரமத்துக்குள்ளேயே கழிக்கிறார். அங்கே தமது மனம் ஒருநிலைப்படாமல் அலைந்ததை ஒளிவுமறைவின்றி எழுதுகிறார். ஜெபத்தைக் குறித்துப் பிரசங்கிக்கும் நம்மில் பலர் இத்தனை உண்மையாகப் பேசுவதில்லை. காலைதோறும் ஓதவேண்டிய 182 சுலோகங்கள் கொண்ட குருகீதை அவருக்கு வெறுப்பையே தருகிறது. விட்டு ஓடவும் பார்க்கிறார். பின்னர் ஒருநாள், தூக்கமின்றி வருந்தும் தம் சகோதரியின் சிறுமகனை நினைத்து, அவனுக்காக அதனை ஓதுகிறார். அன்று முதல் அந்த ஓதுதல் அவருக்குக் கைகூடுகிறது. நூலின் மிகச் சிறந்த பக்கங்கள் இவையே என்பது என் கருத்து. தம் நலத்தைத் தேடி ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்தவருக்கு, தம்மை மறந்து மற்றொருவருக்காக வாய்திறந்த வேளையில்தான் ஆறுதல் கிட்டியது. ஆனால் தாம் கண்டது இன்னதென்று ஆசிரியை நின்று சிந்திக்கவில்லை. அடுத்த மணிக்கு விரல் நகர்ந்துவிடுகிறது.

இதனோடு ஒப்பிடத்தக்க நிகழ்ச்சியொன்று 1955-இல் இரங்கூனில் நடந்தது. கடுமையான ஒற்றைத் தலைவலிக்கு வெளிநாடுகளெங்கும் மருத்துவம் தேடி அலைந்த வணிகர் எஸ். என். கோயங்கா, விபாசனா தியான ஆசான் ஊ பா கினை அணுகினார். ஊ பா கின் பர்மிய அரசின் தலைமைக் கணக்காயராகவும் இருந்தவர். தலைவலி தீரவேண்டும் என்பதற்காக மட்டும் வருபவரை ஏற்க அவர் மறுத்துவிட்டார். மனத்தூய்மையை நாடி வந்தால், நோய் நீங்குவது அதன் பக்கவிளைவாக அமையக்கூடும் என்பதே அவர் நிலை. பௌத்த ஆசானின் இந்த மறுப்பை, கிறிஸ்தவத் தியான முகாம்களை நடத்தும் நாமும் எண்ணிப் பார்க்கலாம். நம்முடைய அழைப்பிதழ்களிலும் இப்பொழுது மனஅழுத்தம் நீங்கும் என்ற வாக்குறுதிதான் முதலில் வருகிறது.

மீண்டும் நூலுக்கு வருவோம். ஆசிரியையோடு கோயில் தரையைத் தேய்த்துக் கழுவும் 17 வயதுப் பெண் ஒருத்தி வருகிறாள், பெயர் துளசி. திருமணப் பேச்சு நெருங்குகிறது; அவளுக்கோ அதில் விருப்பமில்லை. இந்நாட்டில் எந்தெந்தக் காரணங்களுக்காகப் பெண்ணைத் தள்ளிவிடுவார்கள் என்று அவள் அடுக்கிச் சொல்ல, ஆசிரியை நகைச்சுவை குன்றாமல் பதிவுசெய்கிறார். இருவரும் கழுவுவது ஒரே தரை. மணவாழ்வை விட்டு வெளியேறி வந்தவருக்குக் கடவுச்சீட்டும் முன்பணமும் இருந்தன. மணவாழ்வுக்குள் தள்ளப்பட இருப்பவளுக்குப் போக இடமில்லை. இந்த வேறுபாடு நூலைச் சிறிதும் தொந்தரவு செய்யவில்லை. ஆசிரியை கல்நெஞ்சர் அல்லர். பாலித் தீவில் மணமுறிவுற்ற வைத்தியப் பெண்ணொருத்திக்கு வீடு வாங்க, நண்பர்களுக்கு எழுதிப் பணம் திரட்டித் தருகிறார். அதைப் படித்தபின் துளசியின் பக்கங்கள் இன்னும் வெறுமையாகத் தோன்றுகின்றன.

நூலின் தலைப்பிலுள்ள மூன்று கருத்துகளும் மாற்கு ஆறாம் அதிகாரத்தில் உள்ளன. ஊழியம் முடித்துத் திரும்பிய அப்போஸ்தலருக்கு உண்ணவும் நேரமில்லை. ஆண்டவரே அவர்களைத் தனிமையான இடத்துக்கு இளைப்பாற அழைக்கிறார். ஆகவே ஓய்வை நாடுவது குற்றமென்று எந்த ஆயரையும் நாம் கடிந்துகொள்ள இயலாது. ஆனால் மக்கள் கால்நடையாக ஓடி, படகுக்கு முன்னரே கரையை அடைந்துவிடுகிறார்கள். அவர்களை அனுப்பிவிடச் சொல்வது சீடரின் யோசனை. அங்கே முதலில் வருவது மனதுருக்கம், அடுத்து உணவு; எல்லாரும் உண்டபின்புதான் ஆண்டவர் ஜெபிக்கத் தனியே மலைக்கு ஏறுகிறார். கில்பர்ட்டின் வரிசையில் அன்பு மூன்றாவது நாட்டில், எல்லாம் சீரடைந்தபின் வருகிறது. எனினும் மலையும் தவறவில்லை என்பதை மாற்கில் கவனிக்க வேண்டும். ஓயாத உழைப்பையே பக்தியாகக் கருதும் நம் சபைகள் அந்த வசனத்தை எளிதில் தாண்டிவிடுகின்றன.

நூலைத் திருப்பித் தந்தபோது இவற்றையெல்லாம் அந்த இளம் ஆயரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், “ஏழு சபைகளிலும் ஞாயிறு ஆராதனையை யார் நடத்துவது, ஐயா?” என்று மட்டும் கேட்டார். வருகிற மாதம் நான்கு நாட்கள் அவர் போய்வருகிறார். அந்த ஞாயிறு இரண்டு சபைகளை நான் ஏற்றிருக்கிறேன்; மூன்றை இறுதியாண்டு மாணவர்கள் ஏற்றுள்ளனர். இன்னும் இரண்டுக்கு ஆள் தேவை.