நாலு பேர் ஆட, பத்து பேர் பார்க்க

நண்பர்களோடு விளையாட எதை வாங்கலாம் என்று கேட்டால், 1995இல் ஜெர்மனியில் வந்த ‘கட்டான்’ என்பார்கள். நல்ல ஆட்டம்தான். பகடை இருப்பதால் புதுசா வந்தவரும் ஜெயிக்கலாம். ஆனால் அடிப்படைப் பெட்டியில் நாலு பேருக்குத்தான் இடம். ஐந்தாவது ஆள் சும்மா உட்காரணும். ஆங்கில விதிப்புத்தகம் வாசிக்கத் தெரிந்தவர் வாத்தியார் ஆகிவிடுகிறார்.

ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் இதற்குக் கேரம் இருக்கு. 9 வெள்ளை, 9 கருப்பு, ஒரு சிவப்பு. நின்று பார்த்தாலே விதி புரிஞ்சிடும். பார்க்கிறவர் அடுத்த ஆட்டத்துக்கான ஆள். வெற்றிமாறனின் ‘வட சென்னை’யில் (2018) அன்பு கேரம் ஆட்டக்காரன். சிறையில் எதிரெதிர் கோஷ்டிகளை ஒரே இடத்துக்குக் கொண்டுவருவது கேரம் போட்டிதான். கத்தி வெளியே வருவதும் அங்கேதான்.

கேரமுக்கும் குறை உண்டு. கை தேர்ந்தவர் முதல் முறையிலேயே சிவப்போடு ஒன்பது காயையும் போட்டுவிட்டால், எதிராளிக்கு ஒரு அடிகூடக் கிடைக்காது. அதனால் டபுள்ஸ் ஆடுங்க. நல்லா ஆடுறவருக்குத் தெரியாதவரை ஜோடியாக்குங்க.

பெரிய குறை, தெருமுனை போர்டைச் சுற்றி நிற்பது பெரும்பாலும் ஆண்கள். புதுவண்ணாரப்பேட்டையில் அப்பாவிடம் கற்ற காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கினார். இனி பெண்களை ஆட்டத்துக்குக் கூப்பிடாததற்குச் சாக்கு கிடையாது.

வாங்குமுன், நம்ம கூட்டத்தில் யார் வெளியே நிற்க நேரும்னு எண்ணிப் பாருங்க. எனக்கு அந்தக் கணக்கில் கேரம்தான் வருது.